கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை

கொட்டாஞ்சேனை என்னும் பெயரிலே 'சேனை' இருப்பதைக் கண்டு, முற்காலத்தில் அங்கே ஏதோ ஒரு படை பாளையம் இறங்கியிருக்க வேண்டும் என்று மாணவர் சிலர் எண்ணுவதுண்டு. அது படையைக் குறிக்கும் சேனையன்று. காட்டை வெட்டிச் சுட்டுப் பயிரிடும் சேனை நிலம். சிங்களத்தில் அதனை 'ஹேன' என்பர். ஆயினும், இச்சிறு தீவின் படைகள் நடந்த சுவடுகளைக் கொழும்பிலே காண விரும்புவோர் இவ்விடத்திலிருந்து புறப்படுவது பொருத்தமே. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் இரதம் செல்லும் பாதையைப் பின்பற்றி, அதற்கும் அப்பால் வெள்ளவத்தை வரை சென்றால் போதும்.

முதலில் எதிர்ப்படுவது கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம். சமய வேறுபாடின்றிச் சைவரும் பௌத்தரும் மெழுகுவர்த்தி ஏற்றும் இடம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று இங்கே குண்டு வெடித்தது. சிதைந்த ஆலயத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் கடற்படையினர். ஜூன் மாதத்திலே அது மீண்டும் திறக்கப்பட்டது. அருகிலுள்ள துறைமுகத்தின்மீது 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் ஓர் உயிர்த்த ஞாயிறன்றே என்பது வியப்புக்குரியது.

துறைமுகத்தை நோக்கும்போது மாணவர் அறியவேண்டிய பெயரொன்று நினைவுக்கு வருகிறது. 1950 டிசெம்பர் 9இல் தோன்றிய இலங்கைக் கடற்படையை 1960 முதல் 1970 வரை தலைமை தாங்கி நடத்தியவர் இராஜன் கதிர்காமர் என்னும் தமிழர். பிற்காலத்தில் வெளிநாட்டமைச்சராயிருந்து 2005இல் கொல்லப்பட்ட இலட்சுமண் கதிர்காமரின் தமையனார் அவர்.

கோட்டையைக் கடந்தால் காலிமுகத்திடல். இன்று பட்டம் விடுவோரும் இறால்வடை தின்போரும் நிறைந்துள்ள இவ்வெளி, ஒல்லாந்தரின் பீரங்கிகள் தடையின்றிச் சுடுவதற்காக வெறுமையாக்கப்பட்டது. பின்னர் தேசாதிபதி ஹென்றி வார்ட் கடலோர நடைபாதையை அமைத்து 1859இல் முடித்தார். கொழும்பு நகரத்துப் பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக்கொண்டு கல்லொன்றும் நாட்டினார். அந்தக் கல்லை வாசிக்காமல் திரும்பும் மாணவருக்கு நான் பாதி மதிப்பெண்ணே வழங்குவேன்.

திடலுக்கு எதிரே இப்போது ஷங்ரிலா ஹோட்டல் உயர்ந்து நிற்கும் நிலத்திலேதான் தரைப்படைத் தலைமையகம் நெடுங்காலம் இருந்தது. 2019இல் அது பத்தரமுல்லைப் பகுதியிலுள்ள அக்குரேகொடைக்குப் பெயர்ந்தது. பின்புறமுள்ள கொம்பனித்தெருவிலே மலே வீதி, றைபிள் வீதி என்னும் பெயர்கள் உள்ளன. பிரித்தானியர் மலாயரைப் பெரிதும் நம்பித் திரட்டிய இலங்கை றைபிள் படை 1873இல் கலைக்கப்பட்ட பின்னும் அதன் நினைவு தெருப்பெயரிலே தங்கிவிட்டது.

சுதந்திர இலங்கையின் தரைப்படை 1949 ஒக்டோபர் 10இல் பிறந்தது. முதற் றளபதி கேத்னெஸ் பிரபு என்னும் ஆங்கில ஆட்சிக்கால அதிகாரி. இந்நாட்டவரில் முதன்முதல் அப்பதவியை ஏற்றவர் யார் என்று என் வகுப்பிலே வினவினேன். ஒருவரும் விடை கூறவில்லை. அவர் அன்ரன் முத்துக்குமாரு. ஒக்ஸ்போர்ட்டிலே கற்று வழக்கறிஞரான தமிழர். 1955 முதல் 1959 வரை தளபதி. 1956 ஜூன் 5இல், தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தந்தை செல்வநாயகம் தலைமையிலே இத்திடலில் அறப்போர் செய்தோர் காடையரால் தாக்கப்பட்டனர். 1958 மே மாதக் கலவரத்தின்போது மகாதேசாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து படையை வீதிக்கு அழைத்தார். படை கலகத்தை அடக்கிற்று. அகதிகளான தமிழர் கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்தனர். துயரமான காலமே, ஆனால் சீருடையைக் கண்டவுடன் கொழும்புத் தமிழர் கதவைத் திறந்த காலமுமாகும்.

அந்த நிலை எவ்வாறு மாறிற்று? 1962 ஜனவரி 27 இரவு ஆட்சியைக் கைப்பற்றப் படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் தீட்டிய சதி வெளிப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் 24 பேர். அவர்களுட் பெரும்பாலோர் கிறிஸ்தவர்; சிங்களர், தமிழர், பறங்கியர் எனக் கலந்திருந்தனர். தண்டிக்கப்பட்ட 11 பேரும் 1965இல் இலண்டன் கோமறைக் கழகத்தின் தீர்ப்பால் விடுதலையாயினர். வழக்கு முடிந்தது, அதன் விளைவு முடியவில்லை. படையிற் புதிதாகச் சேர்க்கப்பட்டோர் பெரிதும் சிங்கள பௌத்தராகவே இருந்தனர். மொழிச் சட்டமும் தமிழ் இளைஞரை அரசாங்க சேவையினின்றும் அகற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாட்டின் படை அந்நாட்டு மக்களைப் போலவே பலமுகமுடையதாயிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. இங்கே அது ஒருமுகமாயிற்று.

காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியும் கடந்து வெள்ளவத்தையை அடையும்போது அதன் பயன் புலனாகும். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படையினர் 13 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் பொரளையில் மூண்ட தீ வெள்ளவத்தைக்கும் பரவிற்று. கடைகளும் வீடுகளும் எரிந்தபோது படையினர் பல இடங்களிற் பார்த்துக்கொண்டு நின்றனர். 1958இற்கும் இதற்கும் இடையே 25 ஆண்டுகளே.

பின்னர் போர். 2009 மே மாதம் அது முடியும்வரை இவ்வீதிச் சந்திகளிற் சோதனைச் சாவடிகள் இருந்தன. 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது.

ஒருகாலத்தில் சில ஆயிரம் பேரே இருந்த தரைப்படை 2 இலட்சத்தைக் கடந்தது. அதனை 2030ஆம் ஆண்டுக்குள் 1 இலட்சமாகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. 2012இல் வன்னித் தமிழ்ப் பெண்கள் நூற்றுவர்வரை படையிற் சேர்க்கப்பட்டதையும் குறிப்பிடல் வேண்டும். அன்று பலர் அதனை ஐயுற்றனர், சிலர் வரவேற்றனர்.

வெள்ளவத்தையிலே இப்போது சாவடிகள் இல்லை. மாலையிலே புகையிரதப் பாதையைத் தாண்டிக் கடற்காற்று வாங்கச் செல்வோர் பலர். அவர்களுள் வயது முதிர்ந்தோர் சிலர் அந்தச் சிறுதூரத்துக்கும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே புறப்படுகின்றனர்.