செம ஏரி பாஸ்!

"செம ஏரி பாஸ், மூக்குக்கு விருந்து!" கொரட்டூர் ஏரியைப் பற்றி ஒருவர் இப்படி எழுதினால் அது பாராட்டா, கிண்டலா? அம்பத்தூர்க்காரர்களுக்கு நொடியில் புரியும். கழிவுநீர் கலக்கிறது என்று வருடக்கணக்கில் புகார் சொல்லி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போன ஏரி அது. கணினிக்குப் புரியுமா?

சுற்றுச்சூழல் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை, அவர்கள் இணையத்தில் எழுதுவதை வைத்தே மெஷின் லேர்னிங் மூலம் அளக்கிறார்கள். முறை எளிதுதான். சில ஆயிரம் வரிகளை மனிதர்கள் படித்து, இது ஆதரவு, இது எதிர்ப்பு என்று குறித்துக் கொடுப்பார்கள். எந்த வார்த்தை எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று கணினி கற்றுக்கொள்ளும். அப்புறம் லட்சம் வரி கொடுத்தாலும் மளமளவென்று பிரித்துவிடும்.

சிக்கல், அது எதைப் படித்துக் கற்றது என்பதில் இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்த எழுத்துக்காக 2020-ல் வந்த ஒரு முக்கியமான தொகுப்பில் 15,744 யூடியூப் பின்னூட்டங்கள். எல்லாம் சினிமா டிரெய்லர்களுக்கு வந்தவை! மூன்றில் இரண்டு பங்கு பாராட்டு. அங்கே 'வெறித்தனம்' என்றால் விசில். "வெறித்தனமா புகை விடுறாங்க" என்று ஆலைப் புகையைப் பற்றி எழுதினால், அந்தக் கணினி இதற்கும் விசில் அடிக்கக்கூடும்.

இது ப்ராஜெக்ட் மார்க்கோடு முடிகிற விஷயம் இல்லை. 2020-ல் மத்திய அரசு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்கான வரைவை வெளியிட்டுக் கருத்து கேட்டது. லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் குவிந்தன. பல ஒரே வாசகம். ஒரே கடிதம்தானே என்று சுருக்கினால் ஆயிரம் பேர் ஒருவராகிவிடுவார்கள். அப்படியே கூட்டினால், எத்தனை பேர் உண்மையில் யோசித்து அனுப்பினார்கள் என்று தெரியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்த வரைவு முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வந்தது. மற்ற மொழிகளிலும் கொடுங்கள் என்று ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. படிக்கவே முடியாதவர் என்ன கருத்து எழுதுவார்? காமர்ஸ் பாஷையில் சொன்னால், பில் இல்லாத செலவு கணக்கில் ஏறாது. ஆனால் பணம் போனது போனதுதான்.

அதற்காகக் கணினியை ஒதுக்க வேண்டாம். ஒரே வாரத்தில் ஒரே ஏரியாவிலிருந்து 'நாற்றம்' என்று நூறு பேர் எழுதினால், அதைச் சட்டென்று காட்டிக்கொடுக்க அதுதான் சரி. அதன் பிறகு ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, ஒரு சின்ன வேண்டுகோள். ஏரியைப் பற்றி எழுதும்போது இடம், தேதி, என்ன நிறம், என்ன வாடை என்று நேராக எழுதுங்கள். கணினியும் தப்பாகப் படிக்காது, அதிகாரியும் "பாராட்டுக்கு நன்றி" என்று தப்பிக்க முடியாது!