தடைக்காலத்தில் ஒரு பிக்கப்

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் வலை சரிபார்ப்பார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மீன் ஏற்றும் வண்டிகளுக்கும் அதுதான் ஓய்வுக்காலம். மே மாதம் வீராம்பட்டினத்துக்கு வந்து பாருங்கள், தெருவுக்கு ஒரு பிக்கப்பாவது சக்கரம் கழற்றிய நிலையில் கட்டை மேல் உட்கார்ந்திருக்கும்.

இந்த வருஷம் என் தங்கை மகனுடைய வண்டியும் அப்படி உட்கார்ந்தது. 2008 மாடல் பொலேரோ பிக்கப், 2523 சிசி டீசல். கைமாறி வந்த வண்டி. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏற்றி விழுப்புரம் பக்கம் கொண்டு போவான். ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் கிரீஸோடு வாழ்ந்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்க வந்தான். யோசனை கேட்க வந்தான் என்பதைவிட, செல்போனில் படம் காட்டி ஒப்புதல் வாங்க வந்தான் என்பதுதான் சரி.

அவன் கணக்கு இது: அலாய் வீல் நாலு, 215 டயருக்குப் பதில் 235 டயர், பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு பட்டை கூடுதல், ஷாக்கிளை நீளமாக்கி வண்டியை இரண்டு அங்குலம் தூக்குவது.

அவன் போன பிறகு தங்கை சொன்னாள்: "அண்ணா, ஒரு நடைக்கு நாலு பெட்டி கூட ஏத்தினாத்தான் வண்டிக் கடன் அடையும்ங்கிறான். நீ வேணாம்னு சொல்லிடாதே." ஆசைக்குக் கேட்கவில்லை, கடனுக்குக் கேட்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. அதனால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசினோம்.

முதலில் டயர். பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று எழுதியிருக்கும். அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். 235/75 போட்டால் 733. வண்டி 15 மில்லிமீட்டர் உயரும், அவ்வளவுதான். ஆனால் சக்கரம் பெரிதானதால் இன்ஜின் இழுவை நாலு சதவீதம் குறையும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62, 63-ல் போகும். அகலம் கூடினால் முழுக்க ஒடிக்கும்போது உள்ளே உரசும் வாய்ப்பும் உண்டு. உரசாமல் இருக்க ரிம்மை வெளியே தள்ளி மாட்டுவார்கள். அப்போது பாரம் முழுவதும் வீல் பேரிங்கின் தலையில் விழும்.

அவன் பார்க்க வேண்டிய எண் அதற்குப் பக்கத்திலேயே சின்னதாக இருந்தது. அது பாரக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900, 110 என்றால் 1060. அதுவும் முழுக் காற்று இருந்தால்தான். பார்வைக்கு அகலமாக இருக்கும் கார் ரக டயரைவிட, ஒடுங்கின பார ரக டயர் அதிகம் தாங்குவது உண்டு. "அப்படியா மாமா?" என்று டயர் கடையில் குனிந்து குனிந்து பார்த்தான். கடைசி நாலு எண்ணையும் பார்க்கச் சொன்னேன். 2319 என்று இருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. புது டயர் என்று கொடுப்பார்கள், கடை அலமாரியிலேயே மூணு வயது ஆகியிருக்கும்.

ரீட்ரெட் பற்றியும் கேட்டான். பின்னால் போட்டுக்கொள், முன்னால் வேண்டவே வேண்டாம் என்றேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அலாய் வீலுக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கடற்கரை ஊரில் அலுமினியத்தையும் இரும்பையும் உப்பு ஈரத்தில் ஒட்ட வைத்தால் ஒன்றை ஒன்று தின்னும். பஞ்சர் அன்றைக்கு நட்டைக் கழற்றினாலும் வீல் ஹப்பை விட்டு வராது. பள்ளத்தில் இறங்கினால் இரும்பு டிஸ்க் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும். இரும்பிலும் ஒரு தொந்தரவு இருக்கிறது. டயர் உட்காரும் ஓரத்தில் துரு ஏறினால் டியூப்லெஸ் டயரில் காற்று நிற்காது. துருவைச் சுரண்டி பிரைமர் அடித்தால் அது தீரும்.

பட்டைக்கு வருவோம். நம் பக்கத்தில் லாரிப் பட்டை, ஜீப் பட்டை என்றால் அரிவாள்தான் பலருக்கு ஞாபகம் வரும். கொல்லர்கள் தேடி வாங்கும் இரும்பு அது. அவ்வளவு உறுதியான இரும்பு வண்டிக்கு அடியில் செய்கிற வேலை வளைவதுதான். வளைந்து நிமிர்ந்து, ரோட்டின் அடியை சேஸிஸுக்கு விடாமல் தானே வாங்கிக்கொள்கிறது. ஐந்து பட்டை இருக்கும் இடத்தில் அதே போல் ஒன்று கூட வைத்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். தடிமனான பட்டை வைத்தால் கணக்கே வேறு. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. அப்புறம் அடி எல்லாம் நேராக சேஸிஸுக்குப் போகும். பட்டை மாட்டும் பிராக்கெட் பக்கத்தில் விரிசல் விட்ட சேஸிஸ்களை நான் நிறையவே வெல்டிங் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம்தான் முக்கியமானது, அதைப் பட்டைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே, சேஸிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு வரும். பாரம் ஏறினால் பாடி தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில் குறைத்து விடும், இல்லையென்றால் பின் சக்கரம் கட்டி, வண்டி வழுக்கும். வால்வுக்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும். இரண்டு பட்டை கூட வைத்து, ஷாக்கிளையும் நீட்டினால் முழு மீன் பாரத்திலும் பாடி தாழாது. வண்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நாலு பெட்டி கூட ஏற்றிய அன்றைக்குப் பிரேக் குறைவாக இருக்கும்.

செங்கழுநீர் அம்மன் தேருக்கு ஆடி மாதம் எத்தனை ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறோம்! கவர்னரே வந்து இழுக்கிறார், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம். ஆனாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நடக்கிறவர்கள் இல்லாமல் தேர் நிலையை விட்டு நகராது. உன் வண்டிக்கு முட்டுக்கட்டை அந்த வால்வுதான்டா என்று அடியில் படுத்து டார்ச் அடித்துக் காட்டினேன். கம்பி துருவேறி அசையாமல் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சட்டமும் இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. பட்டை எத்தனை கூடினாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை ஒரு கிலோகூட ஏறாது. அச்சும் பிரேக்கும் அதே பழைய அச்சும் பிரேக்கும்தான்.

"அப்போ கடன் எப்படி மாமா அடையும்?" என்றான். அதற்குப் பட்டையில் பதில் இல்லை. இருப்பதுபோல் பேசவும் எனக்கு மனசு வரவில்லை. அலாய்க்கும் பெரிய டயருக்கும் போக இருந்த பணத்தில் இரண்டு மாதத் தவணையைக் கட்டு, ஒரு நாள் வழியில் நின்றால் போகிற மீனின் விலையையும் கணக்கில் வை என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் செய்தது இவ்வளவுதான். அதே அளவில் பார ரக டயர் நாலு. பட்டையைப் பிரித்தபோது ஒரு பக்கம் மூணாவது பட்டை சென்டர் போல்ட் துளையில் பாதி விரிந்திருந்தது. அதை மாற்றி, எண்ணிக்கையைக் கூட்டாமல், புது புஷ், புது யு போல்ட் போட்டோம். ஷாக் அப்சார்பர் இரண்டு புதிது. வால்வுக் கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்து உயரம் சரிபார்த்தோம்.

இன்னொன்று, இருநூறு ரூபாய்க்குள் முடிந்த வேலை. மீன் பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் மீனின் உப்பையும் சேர்த்துக்கொண்டு நேராகப் பட்டை மேல்தான் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டைக்கு நடுவில் துரு புகுந்ததற்குக் காரணம் அதுதான். பாடியின் மூலையில் ஓட்டை போட்டு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, தண்ணீர் அச்சைத் தாண்டிப் பின்னால் போகும்படி செய்தோம். தெருவில் இப்போது இன்னும் மூணு வண்டியில் அந்த ஹோஸ் தொங்குகிறது.

ஜூன் 16 காலையில் முதல் லோடு. இரும்பு டிஸ்க்குகளுக்கு மட்டும் அவன் இஷ்டப்படி நல்ல நீலப் பெயின்ட் அடித்திருந்தான். மரப்பாலம் தாண்டும்போது போன் போட்டான். "மாமா, காலி வண்டியில குதிக்கிறது நின்னுடுச்சு. ஆனா ஸ்டியரிங் கொஞ்சம் இடதுபக்கம் இழுக்குது." அலைன்மென்ட் பார்க்காமலே கிளம்பியிருக்கிறான். திரும்பி வந்ததும் டயர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.