சிறுவயலும் பினாங்கும்

கிரேக்கத் தளபதிகளின் வாழ்வை எழுத அவர்கள் இனத்திலேயே புளூட்டார்க் தோன்றினார். எங்கள் சிவகங்கைச் சீமையின் தளபதியும் பிரதானியுமான சின்ன மருதுவின் உருவத்தை நமக்குத் தீட்டித் தந்தவரோ, அவரை வேட்டையாடிய கம்பெனிப் படையின் அதிகாரி வெல்ஷ்!

அந்த வெள்ளை இளைஞருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். காரைக்குடியை அடுத்த சிறுவயலில் இருந்த அவருடைய அரண்மனைக்கு ஒரு சேவகன்கூடக் காவல் நின்றதில்லை. விரும்பியவர் வரலாம், போகலாம் என்று வெல்ஷ் எழுதுகிறார். 1801இல் கம்பெனிப் படை நெருங்கியபோது அதே சிறுவயல் தீப்பற்றி எரிந்தது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் காட்டை வெட்டியும் காளையார்கோவிலை எட்ட முடியாமல் படை திரும்பியது. வேறு வழியாக வந்துதான் அக்டோபர் 1இல் அதைப் பிடித்தார்கள்.

போர்த்திறனைவிட அவருடைய அரசியல் அறிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1772இல் சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதரைக் கொன்றது கம்பெனியும் ஆர்க்காட்டு நவாபும் கூடி அனுப்பிய படை. வேலு நாச்சியாருக்கு உதவி கிடைத்தது ஹைதர் அலியிடமிருந்து. இந்த இரண்டையும் கண்டவர் சின்ன மருது. 1801 ஜூன் 16இல் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்ட அவருடைய அறிக்கை, ஐரோப்பியருக்கு இடங்கொடுத்த நவாப் முஹம்மது அலியை வெளிப்படையாகக் கடிந்தது; ஆனால் எழுந்து நிற்குமாறு அழைத்த மக்களின் வரிசையில் முஸ்லிம்களையும் சேர்த்தே அழைத்தது. ஒரு நவாபின் பிழையை ஒரு சமுதாயத்தின் தலையில் அவர் ஏற்றவில்லை.

தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்ட அவர், 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தமையனார் பெரிய மருதுவுடன் தூக்கிலிடப்பட்டார். சிறுவனாயிருந்த மகன் துரைச்சாமியை 70க்கும் மேற்பட்டோருடன் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

பினாங்கு! எங்கள் பாட்டனார் சபுராளியாக இருந்த ஊர் அது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் வந்துவிட்டதென்று தெரிந்தால் வீட்டில் பெருநாள்தான். அங்கே நம்மவர்கள் தொழும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தோன்றியதும் அதே 1801இல். அந்தக் கரையில்தான் 1818இல் வெல்ஷிடம் ஒரு மனிதர் வந்து நின்றார். தளர்ந்து கூனிய முதியவராகத் தோன்றிய அவரை வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை, பெயரைக் கேட்டார்.

துரைச்சாமி என்று பதில் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருக்கும்.