சாணார்பட்டித் திருவிழாக்களும் ஒரு பீடித் துண்டும்

திண்டுக்கல் நகரை விட்டு நத்தம் சாலையில் கிழக்கு நோக்கிப் புறப்படுவோருக்கு வலப்புறமாகத் துணைவருவது சிறுமலை. மலையின் நீலமும், செம்மண் நிலத்து மாந்தோப்புகளும், ஆங்காங்கே நிற்கும் புளியமரங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். அரைமணி நேரப் பயணத்தில் சாணார்பட்டி வந்துவிடும். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாதலால் அலுவலகங்களும் கடைகளும் கொண்ட சிற்றூர் இது. கண்டு வியந்து திரும்புவதற்குக் கோட்டையோ அருவியோ இங்கில்லை. இவ்வட்டாரத்தின் அழகைக் காண விரும்புவோர் மக்கள் கூடும் நாளில் வரவேண்டும்.

கால்நடைகளின் பாதுகாவலராக நாம் போற்றும் வனத்து அந்தோணியாரின் திருநாள் ஜனவரி 17. புனித செபஸ்தியாரின் திருநாள் ஜனவரி 20. பொங்கலையொட்டி வரும் இந்நாள்களில் தொடங்கி, வெயில் முற்றும் வரையில், ஓர் ஊர் மாற்றி ஓர் ஊராகத் திருவிழாக்கள் நடந்துகொண்டேயிருக்கும். கொசவபட்டி, தவசிமடை, புகையிலைப்பட்டி ஆகிய ஊர்களில் ஆலயத் திருவிழாவோடு சல்லிக்கட்டும் இணைந்து நிற்கிறது. காளையை மந்திரித்து வாங்கிச் செல்பவரும், தீவட்டி வெளிச்சத்தில் சப்பரத்தின் பின்னே செபமாலை சொல்லி நடப்பவரும், திடலில் பொரிகடலை விற்பவரும், மதம் பாராது வந்து அமர்ந்து விருந்துண்பவரும் சேர்ந்ததே இங்குத் திருவிழா. திண்டுக்கல் நகரின் முத்தழகுபட்டியில் ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் செபஸ்தியார் திருவிழாவில், நேர்ந்துகொண்டவர்கள் கொணரும் ஆடுகளும் கோழிகளும் அரிசியும் ஒன்றாகச் சமைக்கப்பட்டு, பல்லாயிரம் பேருக்கு விடிய விடிய அன்னமிடப்படுவதை நாடறியும்.

இத்தகைய பெருங்கூட்டங்களின் நடுவே நெடுநாளாக நாம் கண்டும் காணாமல் விட்டுவைத்த ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகிறேன். திறந்த வெளியில் கூடும் பெருங்கூட்டத்தில் புகைபிடிப்பதை அனுமதிக்கலாமா?

புகையிலை விளைந்த மண்

இக்கேள்வியைத் திண்டுக்கல் சீமையில் எழுப்புவது எளிதன்று. புகையிலை இம்மண்ணுக்குச் சோறிட்ட பயிர். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கடல் கடந்து புகழ்பெற்ற சுருட்டுகளுக்கு இலை சென்றது திண்டுக்கல் வட்டாரத்திலிருந்துதான். ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. அங்குவிலாஸ் என்ற பெயரைக் கேட்டதும் வாய்ப்புகையிலை நினைவுக்கு வராத பெரியவர் இங்கு அரியர். வேடசந்தூரில் 1948 ஆம் ஆண்டிலேயே புகையிலை ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. சாணார்பட்டியை அடுத்த புகையிலைப்பட்டியின் பெயரே அந்தப் பயிரை நினைவூட்டுகிறது.

எனினும் புகையிலை நம் முன்னோரின் ஆதிச் செல்வம் அன்று. அமெரிக்க மண்ணில் பிறந்த அச்செடி, போர்த்துக்கீசியர் வழியாக ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாரத நாட்டில் கால்வைத்தது. வழிவழி வந்த வழக்கம் என்று அதற்கு மாலையிட வேண்டியதில்லை.

மேலே கூரையா இருக்கிறது?

இவ்வட்டாரத்துச் சல்லிக்கட்டுத் திடல் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் கண்டது. பார்வையாளர் மேடையில் தோளோடு தோள் இடிக்கக் கூட்டம். ஓர் இளந்தாயின் மடியில் மூன்று வயதுக் குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அருகிலிருந்த முதியவர் பீடி வலித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் அல்லர். காலையில் திருப்பலியில் முன்வரிசையில் முழந்தாளிட்டவர்தாம். சற்றுத் தள்ளிச் சென்று பிடிக்கலாமே என்றேன். அவர் சிரித்தபடி, “சாமி, மேல கூரையா இருக்கு? வானம்தானே! போற புகை போயிட்டுப் போகுது” என்றார். அத்தாய் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு, “எந்திரிச்சுப் போகலாம்னா வழியில்ல சாமி” என்றாள்.

இருவர் சொன்னதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. முதியவரின் வாதம் அவருடையது மட்டுமன்று. சட்டத்திற்குள்ளும் அது இடம்பெற்றிருக்கிறது. 1999 ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது பொதுமக்களுக்குத் தொல்லை தரும் குற்றம் எனத் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2 ஆம் நாள், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், பொது ஊர்திகள் முதலியவற்றில் புகைபிடிப்பதைத் தடுக்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2003 இல் நாடு முழுமைக்கும் புகையிலைப் பொருள்கள் பற்றிய சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டம் பொது இடங்களை வரிசைப்படுத்திவிட்டு, திறந்த வெளி அவற்றுள் அடங்காது என்றும் சொல்லிற்று. 2008 அக்டோபர் 2 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளோ திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றையும் தடைக்குள் கொணர்ந்தன. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை அபராதம். ஆகவே இருக்கை அடுக்கிய அரங்கில் புகைத்தல் குற்றம். தெருவழியே செல்லும் சப்பரத்தின் பின்னே புகைத்தலை அவ்விதிகள் பெயர் சொல்லித் தடுக்கவில்லை.

சட்டம் விட்ட இடைவெளியை அத்தாயின் ஒரு வாக்கியம் அடைத்துவிடுகிறது. திறந்த வெளி என்பதன் பொருள் என்ன? பிடிக்காதவன் விலகிப் போக இடமுண்டு என்பதுதானே? வயல் வரப்பில் ஒருவர் சுருட்டுப் பிடித்தால் நாம் நான்கடி தள்ளி நடந்துவிடலாம். மேடையில் நெருக்குண்டவருக்கும், அன்னதான வரிசையில் நிற்பவருக்கும், தேரின் பின்னே கூட்டத்தில் அகப்பட்ட கர்ப்பிணிக்கும் அந்த நான்கடி எங்கே? தலைக்கு மேல் வானம் இருப்பினும், நான்கு புறமும் மனிதச் சுவர். கூட்டம் நெருங்கிய இடம் திறந்த வெளியாகாது.

அறிவியலும் இதனையே சொல்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, திறந்த வெளியிலும் புகைப்பவருக்கு இரண்டடி தொலைவுக்குள் இருப்பவர், வீட்டுக்குள் புகை சூழ்ந்த அளவுக்கு ஒப்பான புகையைச் சுவாசிக்க நேரும் எனக் காட்டியது. ஆறேழு அடி விலகினால் அது பெரிதும் குறைந்துவிடுகிறது. நெருப்பை அணைத்ததும் காற்று விரைவில் தெளிகிறது. ஆகவே வெளியில் விடும் புகை வீட்டுக்குள் விடும் புகையைப் போல் நெடுநேரம் தங்காது என்பதும் உண்மை. அண்டை இருக்கைக்காரரை அது தாக்கும் என்பதும் உண்மை. உலகில் ஆண்டுதோறும் புகையிலையால் மாள்வோர் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிடுகிறது. அவருள் பத்து இலட்சத்திற்கும் அதிகமானோர், தாம் புகையாமல் பிறர் புகையைச் சுவாசித்தவர்கள்.

பிராட்ஃபோர்டு தரும் பாடம்

புகை ஒருபுறமிருக்க, நெருப்பையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1985 மே 11 ஆம் நாள் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கால்பந்தாட்டம். உள்ளூர் அணி அவ்வாண்டு தன் பிரிவில் முதலிடம் பெற்று அன்று கோப்பை வாங்கியிருந்தது. ஊரே திருவிழாக் கோலம். பார்வையாளர் மேடையோ பழைய மரமேடை. பலகை இடுக்குகளின் வழியே பல ஆண்டுகளாக விழுந்த காகிதக் குப்பை அடியில் மண்டிக் கிடந்தது. எரிந்துகொண்டிருந்த தீக்குச்சியோ சிகரெட்டுத் துண்டோ அதில் விழுந்ததே காரணம் என விசாரணையில் கருதப்பட்டது. ஐந்து நிமிடத்திற்குள் மேடை முழுவதும் தீப்பற்றியது. மாண்டவர் 56 பேர். அதுவும் திறந்த வெளி ஆட்டந்தான். 

நம் சல்லிக்கட்டுத் திடலை எண்ணிப் பாருங்கள். வாடிவாசலுக்கு முன்னே வீரர்கள் விழுந்தால் அடிபடாதிருக்கத் தென்னைநார்க் கழிவு பரப்பியிருக்கிறோம். கம்புகளையும் பலகைகளையும் கட்டி மேடை அமைத்திருக்கிறோம். காளைகளுக்கு வைக்கோல் குவித்திருக்கிறோம். 2017 இல் வந்த விதிகளின்படி இரட்டைத் தடுப்பும் மருத்துவக் குழுவும் உண்டு. காளையைக் கால்நடை மருத்துவர் சோதிக்கிறார். மது அருந்தி வந்த வீரர் திருப்பியனுப்பப்படுகிறார். களத்தில் இறங்குபவரிடம் இத்துணை ஒழுங்கு கேட்கும் நாம், மேடையில் அமர்ந்து நெருப்பைக் கையில் ஏந்தியிருப்பவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. பீடி அடிக்கடி அணையும் இயல்புடையது. அணையுந்தோறும் புதிய தீக்குச்சி உரசப்படும். எறிந்த குச்சிகள் எங்கே விழுந்தன என்று எவரும் பார்ப்பதில்லை.

ஆலய முற்றமும் அடங்கும்

புகையிலை பற்றித் திருச்சபை நெடுநாளைக்கு முன்னரே சிந்தித்திருக்கிறது. 1642 இல் திருத்தந்தை எட்டாம் உர்பான், ஸ்பெயின் நாட்டுச் செவில் மறைமாவட்டத்தில் குருக்களும் மக்களும் ஆலயத்துக்குள் புகையிலை பயன்படுத்துவதைக் கண்டித்து, ஆலயங்களிலும் அவற்றின் முற்றங்களிலும் அதைத் தடைசெய்தார். மீறுவோர்க்குத் திருச்சபை விலக்கு என்னும் கடுந்தண்டனையும் விதித்தார். 1725 இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் அத்தண்டனையை நீக்கினார். நம் நாளில், 2002 ஜூலை முதல் வத்திக்கான் நகரில் மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை உண்டு. 2018 முதல் தன் ஊழியர்களுக்குச் சிகரெட்டு விற்பதையும் வத்திக்கான் நிறுத்திக்கொண்டது. மனிதரின் நலத்தைக் கெடுக்கும் பொருளிலிருந்து வரும் ஆதாயம் வேண்டாம் என்பதே காரணம்.

திருச்சபை விலக்கு நமக்கு இன்று வேண்டா. புனித பவுல் கொரிந்தியருக்குக் காட்டிய வழி போதும். தனக்கு உரிமையுள்ள உணவாயினும் தன் சகோதரனுக்கு இடறலாகுமாயின் அதை விட்டுவிட ஆயத்தமாயிருந்தார் அவர். புகைப்பவரின் உரிமை என்று பேசுவோர் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணவேண்டும். தன் உடலைத் தானே கெடுத்துக்கொள்வது ஒருவருக்கும் அவர் மனச்சான்றுக்கும் இடையே உள்ள வழக்கு. மடிக்குழந்தையின் மூச்சு அந்த வழக்கில் ஏன் இழுபடவேண்டும்?

செய்யத்தக்கவை

கண்டிப்பும் கனிவும் ஒருங்கே தேவை. புகைப்பவரைத் திருவிழாவிலிருந்து விரட்டுவது நம் எண்ணமாகலாகாது. அவர் நம் தந்தையும் தமையனுமே. நாற்பதாண்டுப் பழக்கத்தை ஒலிபெருக்கி அறிவிப்பால் ஒரே நாளில் ஒழித்துவிட இயலாது. ஆயின் இடத்தை வரையறுக்கலாம். பார்வையாளர் மேடை, பந்தல், சமையற்கொட்டகை, அன்னதான வரிசை, சப்பர ஊர்வலம் ஆகிய ஐந்திடங்களில் புகை கூடாது என்று விழாக்குழு முடிவு செய்யட்டும். கூட்டத்திற்கும் வைக்கோலுக்கும் எட்டாத ஒரு மூலையில், மணல் நிரப்பிய வாளிகளோடு, புகைப்போருக்கென ஓரிடம் ஒதுக்கட்டும். திருவிழாத் திடலில் கடை போடுவோரிடம் பீடி, சிகரெட்டு விற்பதில்லை என்ற உறுதி பெறட்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு அவற்றை விற்பதைச் சட்டமே தடுத்திருக்கிறது. வீட்டுக்குப் பீடி வாங்கிவரப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும் பெற்றோரும் இதை நினைவிற்கொள்ளவேண்டும். கொடியேற்ற நாள் முதல் நவநாள்தோறும் இவ்வறிவிப்பை அன்பான சொற்களில் செய்யவேண்டும். முதலில் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் விழாக்குழுவினரும் குருக்களும். மேடையில் தடையும் பின்கொட்டகையில் புகையுமாக இருந்தால் எவர் மதிப்பார்?

இது நடவாத காரியம் என்று சொல்வோருக்கு ஒரு செய்தி. 1988 இல் கனடாவின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் புகையில்லாப் போட்டிகளாக நடத்தப்பட்டன. பல நாட்டு மக்கள் கூடிய இடத்தில் முடிந்தது, ஒரே ஊர், ஒரே உறவுமுறையாக வாழும் நம்மால் முடியாதா? புகையிலையை நம்பி வாழ்ந்த உழவரும் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மாரும் நம் பங்குகளில் உண்டு என்பதையும் மறக்கலாகாது. திடலில் சில மணி நேரம் புகையாதிருப்பதால் அவர்கள் அடுப்பு அணைந்துவிடாது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் காட்டுவது வேறொரு கடமை; அதையும் நாம் தட்டிக்கழிக்கக் கூடாது.

நம் திருவிழாவுக்குரிய புகை ஒன்றுண்டு. தூபக்கலத்திலிருந்து எழும் சாம்பிராணிப் புகை, மன்றாட்டின் அடையாளமாக மேலே செல்கிறது. மக்கள் நடுவே அது ஒன்று போதும். வரும் ஆண்டுத் திருவிழாவுக்கு வரிக்கணக்குப் போட ஊர்க்கூட்டம் கூடும்போது, இந்த ஒரு பொருளையும் சேர்த்துப் பேசி முடிவெடுங்கள். அத்தாய் தன் குழந்தையோடு மேடையில் அமர்ந்து, முகத்தை மூடாமல் காளைகளைக் கண்டு மகிழட்டும்.