விடுமுறைக்கு வராத ஒருவர்

டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிற எந்தக் குடும்பத்தையும் கவனித்துப் பாருங்கள். அதில் ஒருவர் மட்டும் விடுமுறைக்கு வந்திருக்கமாட்டார். மற்றவர்கள் கோட்டையை அண்ணாந்து பார்க்கும்போது அவர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழியும். கூப்பிட்டால் "இரு, ஒரு நிமிஷம்" என்பார். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்கு. கணவர் வண்டி ஓட்டுவார், பெட்டி தூக்குவார், பில் கட்டுவார்; டிஸ்னியின் ஆப்பை மட்டும் தொடமாட்டார். "ஆபீஸ்லதான் நாள் பூரா டாஷ்போர்டைப் பாக்குறேன், லீவுலயுமா?" என்பது அவர் கட்சி.

2024 நவம்பரில் டல்லாஸிலிருந்து ஆர்லாண்டோ போனோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், பெரிய ரைடுகளுக்கு உயரம் போதாத மகன், மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா, நாங்கள் இருவர். அப்பா ரயில்வேயில் முன்பதிவுக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிஸ்னியின் திட்டமிடும் ஏற்பாட்டை எனக்குத் தெரிந்தவர்களில் ஒரே மூச்சில் புரிந்துகொண்டவர் அவர்தான்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். பல ரைடுகளுக்கு இரண்டு வரிசை. ஒன்று, நுழைவுச் சீட்டு வைத்திருக்கும் யாரும் நிற்கக்கூடிய சாதா வரிசை. இன்னொன்று லைட்னிங் லேன். தனியாகக் காசு கட்டி, நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு. டிஸ்னியின் சொந்த ஓட்டல்களில் தங்குகிறவர்கள் ஏழு நாளுக்கு முன்பே நேரம் குறிக்கலாம். எங்களைப் போல வெளியே தங்குகிறவர்களுக்கு மூன்று நாள்தான்.

"அப்போ அவுங்க ஹெச்.ஓ. கோட்டா, நாம ஜெனரல்" என்றார் அப்பா, ரயில்வேயில் பெரிய ஆட்களுக்கு ஒதுக்கும் இடங்களை நினைத்து.

அப்போது புதிதாக வந்திருந்த பிரீமியர் பாஸ் பற்றியும் சொன்னேன். ஆளுக்கு, ஒரு நாளைக்கு, நூறு டாலருக்கு மேல். கூட்டத்தைப் பொறுத்து விலை ஏறும் இறங்கும். அது இருந்தால் நேரமே குறிக்க வேண்டாம், எந்த லைட்னிங் லேனிலும் ஒருமுறை நேராக நுழையலாம். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பிரீமியம் தட்கால்னு சொல்லு. வெள்ளைக்காரனும் அங்கதான் வந்து நிக்கிறானா?"

வந்து நிற்பதற்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. 1971 அக்டோபர் 1 அன்று டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்கா திறந்தபோது வரிசையில் நிற்பதுதான் எல்லாருக்கும் விதி. 1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. ரைடின் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். இலவசம். குடும்பத்தின் எல்லாச் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு பூங்காவின் குறுக்கே ஓடுவதற்கென்றே வீட்டுக்கு ஓர் ஆள் இருப்பார். 2013இல் மணிக்கட்டில் கட்டும் மேஜிக்பேண்ட் வந்தது. அந்த ஏற்பாடு முழுவதற்கும் சுமார் நூறு கோடி டாலர் செலவானதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. ஓடுவது நின்று, போனைத் தட்டுவது தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2021 அக்டோபரில் அந்த இலவசத்தின் இடத்தில் ஜீனி பிளஸ் வந்து உட்கார்ந்தது. தொடக்க விலை ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர். மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அதே விலை. 2024 ஜூலையில் அதற்கு லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் என்று பெயர் மாறியது, முன்கூட்டியே குறிக்கும் வசதியும் சேர்ந்தது. ஆக, இலவசமாக இருந்த ஒன்றுக்கு விலை வந்தது, விலைக்குள் வகுப்பு வந்தது. அப்பாவுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. அவர் பார்க்காத வகுப்பா?

நேரம் குறிப்பது காலை ஏழு மணிக்கு, ஃபுளோரிடா நேரம். டல்லாஸில் அப்போது ஆறு. குறிப்பிட்ட நாளில் ஐந்தே முக்காலுக்கே எழுந்து, காபியை ஆறவிட்டு, போனின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா, "யாருக்குடி ரிசல்ட் வருது?" என்று கேட்டாள். அங்கே ஏழு அடித்ததும் தட்ட வேண்டும். மூன்று ரைடுகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மேஜிக் கிங்டமில் எல்லாரும் விரும்பும் ரைடுகளை ஒரு குழுவில் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒன்றுதான் கிடைக்கும், மற்ற இரண்டும் அடுத்த குழுவிலிருந்து. மகளுக்கு ஸ்பேஸ் மௌண்டன் வேண்டும். மகனால் அதில் ஏற முடியாது, 112 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பீட்டர் பான் ஓடம் எல்லாருக்கும் ஆகும், அதுவும் அதே குழு. விரல் ஒரு நொடி தயங்கினால் காலை பதினொரு மணி பிற்பகல் இரண்டாகிவிடும். பீட்டர் பானைப் பிடித்தேன். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மகளுக்கு அந்த நொடியில் ஓர் அநீதி நடந்தது, அவளுக்கே தெரியாமல்.

அந்தப் பாவத்துக்கு ஈடு இல்லாமல் இல்லை. உயரம் போதாத குழந்தை உள்ள குடும்பத்துக்கு ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு வழி உண்டு. ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் ஏறி இறங்குவார். பிறகு வெளியே இருந்தவர் முழு வரிசையில் நிற்காமல் போகலாம், துணைக்கும் ஆள் கூட்டிக்கொள்ளலாம். மகள் ஸ்பேஸ் மௌண்டனில் தன் அப்பாவோடு ஒருமுறை, என்னோடு ஒருமுறை போனாள். இதற்குக் காசு கிடையாது. விளம்பரமும் அவ்வளவாகக் கிடையாது. சின்னக் குழந்தை உள்ளவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

இந்தத் திட்டமிடலுக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஊர் ஊராகப் போகும் விற்பனையாளன் எந்த வரிசையில் ஊர்களைச் சுற்றினால் தூரம் குறையும் என்ற பழைய கணக்குதான். இருபது ரைடுகளை எந்த வரிசையில் போவது என்று எழுதிப் பார்த்தால் 24,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட விதங்கள் வரும். விற்பனையாளனுக்காவது ஊர்களுக்கிடையே தூரம் மாறாது. இங்கே காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடமாக இருக்கும் வரிசை பதினொன்றுக்கு எழுபதாகும். லென் டெஸ்டா என்பவர் இதையே கணினி அறிவியல் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். டூரிங் பிளான்ஸ் என்ற சேவை அதிலிருந்து வளர்ந்தது. எந்த நாளில் கூட்டம் எவ்வளவு என்று ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடுவார்கள், நீங்கள் விரும்பும் ரைடுகளைக் கொடுத்தால் வரிசைப்படுத்தித் தருவார்கள். நானும் சந்தா கட்டினேன். நன்றாகத்தான் வேலை செய்தது. முற்பகலில் மற்றவர்கள் இரண்டு ஏறும் நேரத்தில் நாங்கள் நான்கு ஏறினோம்.

எதிர்முனையில் டிஸ்னிக்காரர்களும் இதே கணக்கைப் போடுகிறார்கள். சிண்ட்ரெல்லா கோட்டைக்கு அடியில் ஒரு கட்டுப்பாட்டு அறை இருப்பதை 2010இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. சுவர் நிறையத் திரைகள், பச்சை மஞ்சள் சிவப்பில் ரைடுகள். ஓரிடத்தில் சிவப்பு வந்தால் கூடுதலாகப் படகுகளை விடச் சொல்வார்கள், அல்லது வரிசையில் நிற்பவர்களைச் சிரிக்கவைக்கக் கடற்கொள்ளைக்கார வேடத்தில் ஆள் அனுப்புவார்கள். ஒரு பகுதியில் கூட்டம் நெரிந்தால் இன்னொரு பகுதியில் சின்ன ஊர்வலம் ஒன்றை விட்டு ஜனங்களை இழுப்பார்கள். வரிசையின் நீளத்தை அளப்பதற்கு அவர்கள் பல காலம் வைத்திருந்த முறை இன்னும் எளிமை: வரிசைக்குள் நுழையும் யாராவது ஒருவரிடம் கழுத்தில் மாட்டும் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள், மறுமுனையில் வாங்கிக்கொள்வார்கள், இடைப்பட்ட நேரம்தான் அறிவிப்புப் பலகையில் ஏறும். அந்தப் பலகையில் போட்டிருப்பது பெரும்பாலும் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நாற்பது என்று போட்டு முப்பதில் ஏற்றிவிட்டால் யாருக்குக் கோபம் வரும்? ஹாண்டட் மேன்ஷன் வாசலில் 13 நிமிடம் என்று கண்டால் நம்பாதீர்கள். அது பேய்வீட்டுக்கு ஏற்ற எண்ணாம். உள்ளே வரிசை இல்லாத வேளையில் போடும் குறும்பு.

காத்திருப்பதைப் பற்றி டேவிட் மெய்ஸ்டர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லாருக்கும் பாடம். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும், சும்மா நிற்பது நீளமாகத் தோன்றும், அநியாயம் என்று பட்டுவிட்டால் இன்னும் நீளும் என்கிறார். ஆப் முதலாவதைத் தீர்த்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதைக் கிளறிவிட்டிருக்கிறது. நாற்பது நிமிட வரிசையில் பாதி தூரம் வந்தபின் போனைப் பார்த்தால், இன்னொரு ரைடு பதினைந்து நிமிடத்துக்கு இறங்கியிருக்கும். அதுவரை பேசிக்கொண்டு நின்ற வரிசை அந்தக் கணத்திலிருந்து தப்பான வரிசை. பக்கத்தில் லைட்னிங் லேனில் நம்மைத் தாண்டிப் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ரைடு மணிக்கு எத்தனை பேரை ஏற்றுமோ அத்தனை பேரைத்தான் ஏற்றும்; ஒருவர் முந்தினால் இன்னொருவர் பிந்துவார். காலையில் நான் முந்தியபோது இந்த ஞானம் எனக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆப்புக்கு ரைடு தெரியும், முழங்கால் தெரியாது. ஒரு ரைடிலிருந்து அடுத்ததற்கு ஏழு நிமிட நடை என்று அது போட்டால், அம்மாவுக்குப் பதினைந்து. வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் என்றதும், "நான் என்ன நோயாளியா?" என்று மறுத்தாள். மதியத்துக்குள் கேட்காமலேயே அதில் உட்கார்ந்திருந்தாள், மடியில் புளியோதரை டப்பாவோடு. பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் சமையலறை உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுத்ததே அதற்குத்தான். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாவிட்டால் வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் கொண்டுபோகலாம். போனில் ஆர்டர் செய்து நேரம் வரும்வரை காத்திருந்தவர்கள் நடுவில் எங்கள் மதியச் சாப்பாடு எந்த முன்பதிவும் இல்லாமல் நடந்தது.

மறுநாள் டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டம். அங்கே ஆசியப் பகுதியில் தண்ணீரில் சுழன்று போகும் ரைடு ஒன்று உண்டு, பெயர் காளி ரிவர் ராப்பிட்ஸ். மகள் ஆப்பைப் பார்த்து, "அம்மாச்சி, காளி முப்பத்தஞ்சு நிமிஷம்!" என்று கத்தினாள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நனைந்து திரும்பியவர்களைப் பார்த்தபின், "பைகளை நான் வச்சுக்கிறேன், நீங்க போய் ஆத்தாளைப் பாத்துட்டு வாங்க" என்று நிழலில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா மேஜிக் கிங்டமிலேயே தன் ரைடைக் கண்டுபிடித்துவிட்டார். பூங்காவைச் சுற்றி ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சுற்று, மூன்று நிலையங்கள், சுமார் இருபது நிமிடம். பொம்மை ரயில் என்று நினைத்துதான் ஏறினோம். அப்பா இறங்கியதும் எஞ்சின் பக்கம் போய் நின்றார். நான்கு எஞ்சின்களும் பால்ட்வின் தொழிற்சாலையில் 1916க்கும் 1928க்கும் இடையில் செய்தவை. மெக்சிகோவின் யுகடானில் நிஜமாகவே வேலை செய்துவிட்டு 1969இல் டிஸ்னிக்கு விலைக்கு வந்தவை. தண்டவாளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மீட்டர் கேஜைவிட ஒரு சாண்கூட இல்ல, கொஞ்சம்தான் சிறுசு" என்றார். மூன்றடி, அதாவது 914 மில்லிமீட்டர். ஓட்டுநரிடம் போய்த் தன் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பதில் சொன்னார். மீண்டும் ஏறினார், பேரனையும் ஏற்றிக்கொண்டார். அந்த நேரத்துக்கு எங்கள் திட்டத்தில் வேறு ஒன்று இருந்தது. அதை ரத்து செய்தேன். ஆப்பில் ரத்து செய்வது மட்டும் மிகச் சுலபம்.

போய்வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்கிறார்கள்: அந்த மல்ட்டி பாஸுக்குக் காசு கொடுக்கலாமா? மேஜிக் கிங்டமுக்குக் கொடுக்கலாம், ரைடுகள் அதிகம், குழந்தைகளுக்கு ஏற்றவையும் அங்கேதான் அதிகம். அனிமல் கிங்டமுக்கு வேண்டாம். கதவு திறக்கும்போது உள்ளே இருந்தால் மதியத்துக்குள் முக்கியமானவை முடிந்துவிடும். திட்டம் முற்பகலுக்கு மட்டும் போதும். சாப்பாட்டுக்கு மேல் பெரியவர்களையும் சின்னவர்களையும் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படுக்கவைத்து, வெயில் தாழ்ந்தபின் கூட்டிவாருங்கள். சீட்டு நாள் முழுவதற்கும் செல்லும். முடிந்தால், பிற்பகலில் போனை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அடுத்த முறை அது மகளிடம் போகிறது. ஸ்பேஸ் மௌண்டனை அவளே பிடித்துக்கொள்ளட்டும்.