இல்லாத தீவுக்கு வழி – 4: ஒரே கரையில் இரண்டு யாத்திரைகள்

கிர்கூப்ரியின் சந்துகளில் சென்ற வாரம் சுற்றினோம். அங்கிருந்து மேற்கே கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் வரை பேருந்துதான். டம்ஃப்ரீஸிலிருந்து ஸ்ட்ரான்ரார் போன ரயில் பாதையை 1965இல் மூடிவிட்டார்கள். கேட்ஹவுஸில் இறங்கி மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஆன்வொத் வரும். சில வீடுகள், சாய்ந்த கல்லறைகள், கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம். ஊர் அவ்வளவுதான்.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973இல் வந்த பிரிட்டிஷ் படம் ‘தி விக்கர் மேன்’. இயக்கம் ராபின் ஹார்டி, திரைக்கதை ஆன்டனி ஷாஃபர். ரோவன் மாரிசன் என்ற சிறுமியைக் காணோம் என்று வந்த கடிதத்தை நம்பி, ஹோவி என்ற போலீஸ் சார்ஜென்ட் சம்மரைல் தீவுக்குப் போகிறார். அவர் கறாரான கிறிஸ்தவர். தீவு மக்களோ ஏசுவைக் கைவிட்டு, சூரியனையும் மண்ணையும் கும்பிடுகிறவர்கள். போன வருடம் ஆப்பிள் விளைச்சல் பொய்த்துவிட்டது. சிறுமியைப் பலி கொடுக்கப்போகிறார்கள் என்று ஹோவி பதறுகிறார். பலி அவர்தான் என்பது கடைசியில்தான் தெரிகிறது. குச்சிகளால் முடைந்த ராட்சத மனித உருவத்துக்குள் அவரை அடைத்துக் கொளுத்துகிறார்கள். சுற்றிலும் ஊரே கைகோத்துப் பாடுகிறது. முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள். முடிவு தெரிந்தவர்கள்தான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

அந்தத் தீவு எந்த வரைபடத்திலும் இல்லை. பெரும்பாலும் தென்மேற்கு ஸ்காட்லாந்தின் ஊர்களைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிச் செய்த தீவு அது. மதுக்கடையின் வெளிப்புறம் கேட்ஹவுஸில், உட்புறம் கிரீடவுனில். தீவுப் பிரபுவின் மாளிகை அயர்ஷயரின் கலேன் கோட்டை. பள்ளிக்கூடமும் கல்லறைத் தோட்டத் தேவாலயமும் இந்த ஆன்வொத்தில். ஆகவே தீவைப் பார்க்க வருகிறவன் ஊர் ஊராக அலைந்து, அதை மனசுக்குள் மறுபடியும் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஆன்வொத்தில் எனக்கு முன்பே ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் கைப்பேசியில் படத்தை நிறுத்தி வைத்து, மரத்தையும் சுவரையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பாழடைந்த கோயிலுக்குள் ஹோவி ஆப்பிள் பெட்டியை உடைத்து, அதன் சட்டங்களால் ஒரு சிலுவை செய்து வைப்பாரே, அந்தக் காட்சியின் இடம் இதுதான். “இங்கே நின்றுதான் அவர் தோற்க ஆரம்பிக்கிறார்” என்றார் கணவர். “தோற்றது யார் என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லையே” என்றார் மனைவி. பல வருடமாக நடக்கிற சண்டை என்பது இருவர் சிரிப்பிலும் தெரிந்தது.

அக்டோபர் மாதம். வேண்டுமென்றேதான் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். கதை நடப்பது மே தினத்தை ஒட்டி. படம் எடுத்ததோ 1972 அக்டோபரிலும் நவம்பரிலும். இலை உதிர்ந்த மரங்களில் செயற்கைப் பூக்களைக் கட்டினார்கள். பேசும்போது வாயிலிருந்து ஆவி தெரியக் கூடாது என்று நடிகர்கள் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு நின்றார்கள். ஆன்வொத்தின் குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகியபடி நின்றபோது அந்த வசந்தத்தின் விலை புரிந்தது. படத்தின் வெளிச்சத்தில் ஏதோ ஒன்று இசைகேடாக இருப்பதாக எப்போதும் தோன்றும். பூ இருக்கிறது, வெயிலில் சூடு இல்லை. பட்ஜெட்டும் பருவமும் செய்த கோளாறு அந்தத் தீவின் இயல்பாகவே ஆகிவிட்டது.

மறுநாள் விட்ஹார்ன். ஸ்காட்லாந்தில் கிறிஸ்தவத்தின் தொட்டில் என்று கொண்டாடப்படும் ஊர். புனித நினியன் இங்கே தேவாலயம் கட்டினார் என்பது மரபு. 1329இல், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன், நோயோடு ராபர்ட் புரூஸ் மன்னன் இங்கே வந்து வேண்டிக்கொண்டான். ஊருக்குத் தெற்கே, மரங்கள் அடர்ந்த ஓடைப் பள்ளத்தாக்கு வழியே கடலுக்கு இறங்கினால் கூழாங்கல் கரை. கரையின் வலது கோடியில் பாறைப் பிளவாக நினியனின் குகை. துறவி தனித்திருக்க இங்கே வந்தார் என்கிறார்கள். பழைய யாத்ரீகர்கள் பாறையில் சிலுவைகள் செதுக்கியிருக்கிறார்கள். இன்றைய யாத்ரீகர்கள் குச்சிகளைச் சிலுவையாகக் கட்டிச் செருகிவிட்டுப் போகிறார்கள்.

இதே குகை படத்திலும் வருகிறது. ரோவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து ஹோவி அவளோடு தப்பி ஓடுவது இங்கிருந்துதான். உள்ளே போனதும் குகை மாறிவிடும். அந்தப் பகுதியை இங்கிலாந்தின் சாமர்செட்டில் இருக்கும் வூக்கி ஹோல் குகையில் எடுத்தார்கள்.

நான் போன நேரத்தில் வாசலில் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்மூடி நின்றார். சற்றுத் தள்ளி, படத்தின் சுவரொட்டியை அச்சடித்த பனியன் போட்ட இரண்டு இளைஞர்கள், அவர் முடிக்கட்டும் என்று கேமராவைத் தாழ்த்திக் காத்திருந்தார்கள். படத்தில் ஒன்றோடொன்று மோதிய இரண்டு நம்பிக்கைகளும் இந்தக் கரையில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கின்றன.

அங்கிருந்து கடலோரமாகவே பர்ரோ ஹெட் முனைக்குப் போனேன். கடலைப் பார்த்த புல்வெளி, அருகில் கேரவன்கள் நிற்கும் விடுமுறைப் பூங்கா. படத்தின் அந்த ராட்சத உருவத்தை நிறுத்தி எரித்தது இங்கேதான். தலை எரிந்து விழ, பின்னால் சூரியன் கடலில் இறங்கும் கடைசிக் காட்சியை நிஜ அந்தி வெளிச்சத்தில் பிடித்தார்கள். உருவத்தின் கால்களாக நின்ற மரக்கட்டைகளின் அடிப்பகுதி முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தது. 2006இல் யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்காலத்தில் புனிதர்களின் எலும்பைத் திருடிப் போனவர்கள் வெறுப்பால் திருடவில்லை. இதுவும் அந்த வகைத் திருட்டுத்தான்.

புல்வெளியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இளம் வயதில் நிக்கோலஸ் ரோகின் ‘டோன்ட் லுக் நவ்’ பார்க்கப் போனாராம். ஒரே டிக்கெட்டில் முதலில் ஓடிய துணைப் படம் இது. “எதற்காகப் போனேனோ அது மறந்துவிட்டது. சும்மா கொடுத்த படம் கூடவே வந்துவிட்டது” என்றார்.

சும்மா கொடுத்தார்கள் என்பது உண்மைதான். படம் முடிவதற்குள் அதைத் தயாரித்த பிரிட்டிஷ் லயன் நிறுவனம் கைமாறியது. புதிய நிர்வாகத்துக்கு இதை எப்படி விற்பதென்று தெரியவில்லை. சுமார் 100 நிமிடப் படத்தை 87 நிமிடமாக வெட்டித் துணைப் படமாகத் தள்ளிவிட்டது. சம்மரைல் பிரபுவாகச் சம்பளம் வாங்காமல் நடித்த கிறிஸ்டோபர் லீ, விமர்சகர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, டிக்கெட் காசை நான் தருகிறேன், போய்ப் பாருங்கள் என்றார். டிராகுலாவாக உலகமே அறிந்த அவர், தன் ஆகச் சிறந்த படம் இதுதான் என்று கடைசிவரை சொன்னார். வெட்டிய மூலச் சுருள்கள் தொலைந்தே போயின. அவற்றை எம்3 நெடுஞ்சாலைக்கு அடியில் புதைத்துவிட்டார்கள் என்று ரசிகர்களிடையே ஒரு வதந்தி உண்டு. அமெரிக்காவில் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனிடம் இருந்த பிரதியால்தான் நீளமான வடிவம் பிழைத்தது. 2013இல், விடுபட்ட பகுதி யாரிடமாவது இருக்கிறதா என்று உரிமையாளரான ஸ்டுடியோகேனல் ரசிகர்களிடம் பகிரங்கமாகவே கேட்டது. ஹார்வர்டின் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்த பிரதியைக் கொண்டு ஹார்டி தன் இறுதி வடிவத்தைச் செய்தார்.

இந்த ஊர்க்காரர்களும் படத்தை விடவில்லை. டண்ட்ரெனன் பக்கத்துப் பண்ணை ஒன்றில் 2001 முதல் 2015 வரை ‘விக்கர்மேன்’ இசை விழா நடந்தது. கடைசி இரவில் பெரிய உருவம் ஒன்றை முடைந்து எரிப்பார்கள். உள்ளே ஆள் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பயமுறுத்தும் படத்துக்கு வயதானால் பயம் போய்விடும். இதில் போகவில்லை. ஏனென்றால் இதில் பேய் கிடையாது. இருட்டுகூட அதிகமில்லை. பாட்டு, சிரிப்பு, அன்பான உபசரிப்பு. கொல்கிறவர்களுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. சாகிறவருக்கும் சந்தேகமில்லை. எரிவதற்கு முன் ஹோவி பிரபுவைப் பார்த்து, மறுபடியும் விளைச்சல் பொய்த்தால் அடுத்த பலி நீதான் என்கிற அர்த்தத்தில் எச்சரிக்கிறார். லீயின் முகம் ஒரு கணம் இறுகும். அடுத்த ஆண்டு ஆப்பிள் காய்த்ததா? படம் சொல்லவில்லை. ஆசிரியையிடம் கேட்டேன். “காய்த்திருக்காது” என்றார் யோசிக்காமல். தேநீர்க் குடுவையை மூடிக்கொண்டிருந்த அவர் தோழி, “நிச்சயம் காய்த்திருக்கும்” என்றார். வண்டி வரை அதே பேச்சுத்தான்.

அடுத்த வாரம் பிளாக்டன். ஹோவியின் கடல் விமானம் வந்து இறங்கும் துறை அது. படத்தில் அங்கிருந்து இந்தப் புல்வெளிக்கு நடந்தே வந்துவிடலாம். நானோ கிளாஸ்கோ போய், இன்வர்னெஸ் போய், அதற்கப்பாலும் ரயில் பிடிக்க வேண்டும்.

(தொடரும்)