கடைச் சாமான் கூடாது

நவம்பர் 16, 2018, வெள்ளி
நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், இத்தனை உள்ளே வந்தும் அடங்கவில்லை. கீரனூரில் கரண்ட் இல்லை. வடகாட்டில் அக்கா போனை எடுக்கவில்லை.

நவம்பர் 18
மச்சான் பேசினார். ஆட்களுக்கு ஒன்றுமில்லை, தோப்பு முழுக்கப் போய்விட்டது. “மரம் அறுக்குற மிஷின் கெடைக்குமா மாப்ள?” என்று மட்டும் கேட்டார். திருச்சி வரை விசாரித்தேன். எங்கும் இல்லை.

நவம்பர் 24
அரசு நிவாரணம்: விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500. ஆக மரத்துக்கு 1,100. நல்ல மரம் வருஷத்துக்கு நூறு காய் காய்க்கும். காய் பத்து ரூபாய் என்றாலும் இது ஒரு வருஷ வெள்ளாமைதான்.

டிசம்பர் 2, திருவருகைக்கால முதல் ஞாயிறு
சீட்டுப் போடும் நாள். அப்பா இருந்தபோது ஆவூர் கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்து, சோற்றுக்கு முன்னால் குலுக்குவார். யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டு மரத்துக்கு நம் கையால் ஒன்று செய்து கொடுக்க வேண்டும். மரம் என்றால் கிறிஸ்துமஸுக்கு வாளி மணலில் நட்ட சவுக்குக் கிளை. அம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்று: கடைச் சாமான் கூடாது. மூங்கில் பிளாச்சு, சோடா மூடி, சிகரெட் பெட்டி வெள்ளித்தாள், பழைய கல்யாணப் பத்திரிகை, இவ்வளவுதான் முதல்.

அக்கா மட்டும் மீறுவாள். தோப்பு வீட்டு மருமகள் அல்லவா? திருச்சியில் வாங்கிய கண்ணாடி உருண்டையில் விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுத் தருவாள், கோந்துத் தடம் அப்படியே இருக்கும். அம்மா எதுவும் சொல்லாமல் அதைச் சுவர்ப் பக்கமாகப் பார்த்து மாட்டிவிடுவாள்.

“இந்த வருஷம் வேண்டாம்மா. தோப்பே போய்க் கிடக்கு” என்றேன்.

“சீட்ட எழுது” என்றாள்.

அக்காவுக்காக என் மகள் எடுத்தாள். என் பெயர் வந்தது. எரிச்சலாக இருந்தது. யாருக்காக இந்தப் பிடிவாதம்?

டிசம்பர் 5
துபாயிலிருந்து தம்பி. கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்களும் மூங்கிலில் நட்சத்திரம் கட்டுகிறார்களாம். பரோல் என்று பெயராம். பிளாச்சு சீவும்போது கை கிழிபடுவது அங்கேயும் உண்டா என்று கேட்கச் சொன்னேன்.

டிசம்பர் 9
வடகாடு போனேன். ஆலங்குடி தாண்டியதும் வழி தெரியவில்லை. அடையாளமாக இருந்த மரங்கள் இல்லாமல் வெயில் தார்ச்சாலையில் நேராக அடித்தது. அக்கா மட்டையை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சீட்டு விஷயம் சொன்னதும் கத்தினாள்: “ஒங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?” நான் பதில் சொல்லவில்லை. அரிசி மூட்டையை இறக்கி வைத்தேன். சாப்பிட்டோம்.

கிளம்பும்போது வண்டி வரைக்கும் வந்தாள். “அதுக்குச் செலவு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டாள். அவள் வாயில் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. “ஆகாது” என்றேன். வெள்ளித்தாளைச் சுருக்கமில்லாமல் எப்படி ஒட்டுவது என்று கேட்டாள். கட்டைவிரல் நகத்தால் நீவிக் காட்டினேன். இத்தனை வருஷமாக அவளுக்கு இது தெரியாது.

டிசம்பர் 14
வடகாட்டில் மோட்டார் லைனுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.

டிசம்பர் 24
அக்கா வந்துவிட்டாள். தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு நட்சத்திரம். ஒரு முனை குட்டை, கோந்து வழிந்திருக்கிறது. அம்மா அதையும் சுவர்ப் பக்கமே மாட்டினாள். “கனமா இருக்குடி, முன்னால மாட்டுனா கெள சாயும்.” அக்கா விடவில்லை. எடுத்து முன்னால் மாட்டினாள். கிளை சாய்ந்தது. வாளியில் இரண்டு செங்கல் போட்டோம்.

டிசம்பர் 27
மச்சான் கன்று விசாரிக்கிறார். குட்டை ரகம் மூன்று, நான்கு வருஷத்தில் காய்த்துவிடும். நெட்டைக்கு ஆறேழு வருஷம் ஆகும். நெட்டைதான் வைக்கப் போகிறாராம்.